மடியில் நாலு ஏலக்காய்

உலகத்தில் உள்ள சாப்பாட்டை எல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்ற முடிவுக்குச் சந்திரகாந்தா வந்தபோது, இரத்தோட்டை பஸாரில் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அப்துல் ஸமத் நானாவின் கொமினிகேஷன் கடையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். தோசை என்று தட்டினால் பக்கம் பக்கமாக வந்தது. செட்டிநாடு என்றால் கேட்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழுக்கு மூன்று பேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். டொரொண்டோவில் ஒருத்தி வருஷம் முழுக்கக் கத்தரிக்காயைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கும் கீழே நாற்பது பேர் வந்து அருமை, அருமை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"கத்தரிக்காய்க்குன்னே ஒருத்தி இருக்காடி. நான் என்னத்தப் புதுசா எழுதுறது, கல்லையும் மண்ணையுமா?" என்றாள்.

கடைக்காரரின் மகள் மஸீனா, யாருடைய அடையாள அட்டையையோ கொப்பி எடுத்தபடி, கல்லைப் பற்றியும் எவளாவது எழுதியிருப்பாள், தேடிப் பார் என்று சொன்னாள்.

சிரிக்கிற நிலையில் சந்திரகாந்தா இல்லை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் மலைப்பாதையில், தேயிலை முடிந்து ஏலக்காட்டு இருட்டு தொடங்குகிற இடத்தில் அவளுடைய தோட்டம். அதன் மேற்பிரிவை மேக்கணக்கு என்பார்கள். மேக்கணக்கு லயத்தில் வரிசையாக ஒட்டி நின்ற பன்னிரண்டு வீட்டிலும் பேராதனை வரைக்கும் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாங்கி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அரசாங்கப் பட்டதாரி நியமனம் இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று 2008ஆம் ஆண்டும் பாதி கழிந்துவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "பட்டதாரிக்கு வழி விடுங்கடி" என்று ஒதுங்கி நிற்பார்கள். அந்த மரியாதையைக் கேட்டால் குடத்தை அப்படியே தலையில் கவிழ்க்கலாம் போல இருக்கும்.

கொழும்பில் வேலை தேடலாம்தான். ஆனால் தமிழ்ப் பெண்ணுக்கு, அதுவும் தனியாக வருகிறவளுக்கு, யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் கொழும்பில் அறை கிடைப்பதே பெரும் பாடு. அறை கிடைத்தால் பொலிஸ் பதிவு, பதிவு கிடைத்தால் வேலைக்குப் போகும் வழியெல்லாம் சோதனை. ஆகவே கொழும்பில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் இணையத்தளம் ஒன்று, சமையல் பகுதிக்கு ஓர் ஆள் வேண்டும், ஊரில் இருந்தே எழுதலாம் என்று கேட்டபோது, அது தனக்கென்றே வந்த வேலை என்று அவள் நினைத்தாள். கிடைத்தால் மாத்தளை டவுனில் ஓர் அறை எடுக்கலாம். முழங்கால் வீங்கிப் போய் இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கும் அம்மா கிருஷ்ணம்மாவை லயத்திலிருந்து இறக்கிவிடலாம்.

நாலு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே சோதனை: ஒன்றரை மாதம், அதாவது ஆறு கிழமைக்கு, ஆளுக்கொரு சமையல் வலைப்பூ எழுத வேண்டும். தனக்கென்று ஒரு வழியை எவள் கண்டுபிடிக்கிறாளோ அவளுக்கு வேலை. மூன்று கிழமையில் சந்திரகாந்தா புட்டு, கீரைச் சுண்டல், பாகற்காய்க் கறி என்று மூன்று எழுதினாள். மூன்றையும் சேர்த்துப் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதி மஸீனா.

அன்றைக்குத்தான் தளத்தின் ஆசிரியர் தங்கேஸ்வரி கடை போனுக்கு எடுத்தார். எழுத்து வடிவாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்றார்.

"கோவிக்காதேயும். புட்டு எல்லாரிட்டயும் இருக்கு. உம்மட்ட மட்டும் இருக்கிறது என்ன? அதைச் சொல்லும். ஊர்ப் பேர், தோட்டப் பேர் எல்லாம் போட்டு எழுதும். இல்லாட்டி வாசிக்கிற ஆக்கள் நம்பமாட்டினம்."

என்னிடம் மட்டும் இருப்பது இரண்டு வருஷமாக வராத நியமனக் கடிதம் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, சரிங்க மேடம் என்றாள்.

வழி சொன்னது மஸீனாதான். மாத்தளை என்றால் ஊர் உலகத்துக்கு என்ன தெரியும்? கராம்பு, மிளகு, ஏலம். பெரிய ரோட்டு நெடுக வாசனைத் தோட்டம் என்று போர்டு மாட்டி, வெள்ளைக்காரர்களுக்கு ஏலச் செடியைக் காட்டியே பிழைக்கிறார்கள். இவள் ஏலக்காட்டுக்குள்ளேயே பிறந்தவள். இதை வைத்துக்கொண்டு எதற்குப் பாகற்காயைப் போட்டுக் கிண்டுகிறாள் என்று மஸீனா கேட்டாள்.

சந்திரகாந்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏலம் எடுக்கிறவர்கள் வீட்டில் ஏலக்காய் ஏது? அந்தி நேரம் காய் நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்று, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து உதறி, மடியை உதறி, தலைத்துண்டையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வரலாம். அது போதாதென்று தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் லயத்துப் பக்கம் நடந்து வருவான். எந்த வீட்டு அடுப்பில் ஏலக்காய் மணக்கிறதோ அந்த வீட்டுக்கு மறுநாள் வேலை இல்லை. அவள் வீட்டில் ஏலக்காய் என்ற பேச்சே எழுந்ததில்லை. கராம்பும் அப்படியே. கோதுமை மா ரொட்டி, சம்பல், பருப்பு, கருவாடு. இதைப் போய் வாசனைச் சமையல் என்று எவள் எழுதுவாள்?

ஆனால் மூன்று கிழமைதான் மிச்சம் இருந்தது. கத்தரிக்காய்க்காரி வேறு கண்ணுக்குள்ளேயே நின்றாள்.

மறுநாள், ஏலம் எடுக்கிறவளின் மகள், பஸார் கடையில் ஏலக்காய் காசு கொடுத்து வாங்கினாள். மஸீனா வீட்டுக் குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்து, அதில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுச் சுட்டாள். மஸீனாவின் உம்மாவின் பூப்போட்ட பீங்கானில் வைத்துப் படம் எடுத்தார்கள். கமெரா மஸீனாவின் அண்ணனுடையது. சந்திரகாந்தா அதை வெளியே எடுத்துக்கொண்டு போகப் பயந்தாள். பொலிஸ் தடையில் பையைத் திறந்தால் கமெரா எதற்கு என்று கேட்பார்கள், ரொட்டியைப் படம் பிடிக்க என்றால் யார் நம்புவார்கள்?

மஸீனா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்று முடித்தாள். பிறகு சொன்னாள்:

"சோப்பத் தின்ட மாதிரி ஈக்கி. ஆனா போட்டோ நல்லா ஈக்கி."

பதிவு ஒரே மூச்சில் வந்தது. 'மலையில் ஏலம் எடுத்துவிட்டு இறங்கும் எங்கள் அம்மாக்கள், பிள்ளைகளுக்கென்று மடியில் நாலு ஏலக்காயை முடிந்துகொண்டு வருவார்கள். காட்டு வாசம் மாறாத அந்தக் கையால் பிசைந்த ரொட்டியே எங்கள் தோட்டத்தின் ஏலக்காய் ரொட்டி' என்று எழுதினாள். தோட்டப் பெயரையும் மேக்கணக்கையும் கீழே போட்டாள், தன் பெயரையும் பட்டத்தையும் சேர்த்து. எழுதும்போது அதில் ஒரு பிழையும் அவளுக்குத் தெரியவில்லை. மேடைப் பேச்சில் கைதட்டல் வாங்கும் வரி மாதிரி, 'மடியில் நாலு ஏலக்காய்' என்பதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

நாலே நாளில் எண்ணூறு பேர் பார்த்தார்கள். கண் கலங்கிவிட்டது என்று சுவிஸிலிருந்து ஒருவர் எழுதினார். தங்கேஸ்வரி தானே போன் எடுத்து, இதைத்தான் கேட்டேன், இந்த வழியிலேயே போம், மற்ற மூன்று பேரும் கிட்டவும் வரமாட்டினம், முதலாம் திகதி கடிதம் அனுப்புகிறேன் என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் மலை ஏறும்போது, எந்த அறையை எடுப்பது, அம்மாவுக்கு எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்பது வரைக்கும் சந்திரகாந்தா யோசித்து முடித்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், லயத்து வாசலெல்லாம் சாமான். அரிசி டின், மிளகாய்த்தூள் போத்தல், பழைய பெட்டி, எல்லாம் வெளியே கொட்டிக் கிடந்தன. இரண்டு வாச்சர்மாரும் வந்து பன்னிரண்டு வீட்டையும் கிளறிவிட்டுப் போயிருந்தார்கள். சிந்திய அரிசியைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாம்மா பட்டதாரி. ஒன் புண்ணியத்துல இன்னைக்கு லயமே மணக்குது. ஒங்கம்மாள ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, போய்ப் பாரு."

என்ன நடந்தது என்பதைப் பாப்பம்மாவே சொன்னாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாணிக்கவாசகத்தின் மகள் கொழும்பில் இருக்கிறாள். அவள் இந்த எழுத்தை எங்கேயோ பார்த்து, நம் தோட்டத்துப் பெயர் வந்திருக்கிறது என்று பெருமையாக அப்பாவுக்குத் தாளில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பெரிய கிளாக்கர் ரொட்டியைப் பார்க்கவில்லை. மடியைத்தான் பார்த்தார்.

சந்திரகாந்தா ஓடினாள். ஆபீஸ் வராந்தாவில், வேலைக்காட்டிலிருந்து வந்த கோலத்தில், படங்கைக்கூட அவிழ்க்காமல் அம்மா நின்றுகொண்டிருந்தாள். காலை பத்து மணியிலிருந்து நிற்கிறாளாம்.

பெரிய கிளாக்கர் உள்ளே கூப்பிட்டார். மேசையில் அந்தத் தாள் இருந்தது. 'மடியில்' என்ற இடத்தில் சிவப்புப் பேனையால் கோடு.

"இது நீ எழுதுனதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப நாலு காய் கொண்டு வர்றது உண்மை."

"இல்லைங்க. பொய்ங்க. எங்க வீட்டுல ஏலக்காய் இருந்ததே இல்ல. அந்தக் காய்கூட பஸாருல வாங்குனதுங்க."

"பட்டதாரி பொய் எழுதலாமா?"

உண்மையை எழுதினால் பதினாறு பேர்தான் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். தான் எழுதியது முழுவதும் கற்பனை, மேக்கணக்கில் எந்த வீட்டிலும் எந்தக் காலத்திலும் ஏலக்காய் இருந்ததில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளதை வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் கிருஷ்ணம்மாவுக்குப் பேர் வெட்டு. பேர் வெட்டினால் வேலை மட்டுமல்ல, லயத்து அறையும் போகும்.

பட்டம் வாங்கிய பிறகு ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் எழுதிய முதல் எழுத்து அதுதான். ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். 'எக்காலத்திலும்' என்பதை அவர் சொல்லாமலே சேர்த்தாள். அவர் வாசித்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். கொட்டிய சாமானை எல்லாம் எடுத்து அடுக்கினாள். அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தாள். ஒரு கோப்பையை மகளுக்கு நீட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டி, எழுதுனதுதான் எழுதுன, நாலு காய்னு எவ சொன்னா ஒனக்கு? நாலெல்லாம் யாரு கொண்டாந்தா? ஒண்ணுதான்."

சந்திரகாந்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணா?"

"மடியிலயும் இல்ல. மடியத்தான் ஒதறச் சொல்றானே. வெத்தலையோட கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு வருவோம். நாலு காய வாயில போட்டா கன்னம் வீங்கிக்கிட்டு நிக்காதா?"

பிறகு அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள், உப்பு புளி விவரம் சொல்வது மாதிரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பாயாசம் வைத்தால் ஒரு காய் போடாமல் இருந்ததில்லை. ஆனால் காயைத் தட்டுவதற்கு முன்னால் அடுப்பின் இன்னொரு பக்கம் கருவாட்டை நெருப்பில் போட்டுவிட வேண்டும். கருவாடு கருகுகிற வீட்டுப் பக்கம் எந்த வாச்சரும் நின்று மோப்பம் பிடிக்கமாட்டான். பொங்கலன்றைக்குக் கருவாடு ஆகாது என்பதால் வேப்பிலையைப் புகைத்து, பிள்ளைக்கு அம்மை என்று சொல்லிவிடுவார்கள். கராம்பு என்றால் கவலையே இல்லை, எல்லாருக்கும் பல்வலி. பன்னிரண்டு வீட்டுக்கும் இது தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உளறிவிடும்.

"நீ படிச்சவ, வாயில நிக்காது. அதான் ஒனக்குச் சொல்லல," என்றாள் அம்மா.

சந்திரகாந்தாவுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. தீபாவளிப் பாயாசத்தில் கருவாடு நாறுகிறது என்று வருஷா வருஷம் அவள் முகத்தைச் சுளித்திருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான், எக்காலத்திலும் இல்லை என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பொய் என்று நினைத்து எழுதியது பாதி உண்மை, உண்மை என்று எழுதிக் கொடுத்தது முழுப் பொய். இதற்கெல்லாம் மேலே, அவள் இத்தனை நாள் முட்டி மோதித் தேடிய வழி இந்த அடுப்பில்தான் கிடந்திருக்கிறது. உலகமே வாசம் வரச் சமைக்கிறது. வாசம் வெளியே போகாமல் சமைக்கிற வித்தையை எந்த டொரொண்டோக்காரி எழுதியிருக்கிறாள்?

புதன்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி, ஏலக்காய் ரொட்டிப் பதிவை அழித்தாள். பிறகு கடையின் இரண்டாம் நம்பர் போன் பெட்டிக்குள் நின்று தங்கேஸ்வரிக்கு எல்லாவற்றையும் சொன்னாள், கருவாடு வரைக்கும்.

"ஐயோ பிள்ளை, இதல்லோ கதை. இதை எழுதும். கிழமைக்கு ஒண்டு எழுதும். தோட்டப் பேர் போடும், அம்மான்ர படத்தையும் போடும்."

"பேர் போட ஏலாதுங்க மேடம். போட்டா அம்மாவுக்கு வேல போயிரும்."

"எனக்கு விளங்குது. ஆனா பேரும் ஊரும் இல்லாத கதையை இந்த நேரத்தில நான் போட ஏலாது. ஆர் எழுதினது எண்டு கேட்டால் நான் ஆரைக் காட்டுறது? வேற ஏதும் எழுதுமன், ரொட்டி மாதிரி."

ரொட்டி மாதிரி. அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகக் குத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

அம்மாவிடம் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வேலை கிடைத்தால் எப்படியும் லயத்தை விட்டுப் போகத்தானே போகிறோம், அப்புறம் பேர் வெட்டினால் என்ன என்று கேட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா சுளகை நிறுத்தவே இல்லை.

"நீயும் நானும் போயிருவோம். பாப்பம்மா எங்க போவா? நேத்து திருடலன்னு எழுதிக் குடுத்த. இன்னைக்குத் திருடுனோம்னு எழுதப் போறேங்குற. ஒரு வாரமாச்சும் ஏதாவது ஒண்ணுல நில்லுடி."

சந்திரகாந்தா வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வீட்டுப் பெண்களின் கன்னத்தையும் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கிளாக்கருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மாத்தளையில் அறை எடுக்க வேண்டும் என்றால், அந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? வேறு ஒரு ரொட்டிக் கதையைக் கட்டிவிடவும் கை வரவில்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் தங்கேஸ்வரிக்கு இரண்டு வரி அனுப்பினாள்: என்னால் முடியவில்லை, மன்னிக்கவும். முதலாம் திகதி வேலை கொழும்பு வெள்ளவத்தைக்காரி ஒருத்திக்குப் போனது. அவளுடைய வலைப்பூவின் பெயர் 'பத்து நிமிடத்தில் பலகாரம்'. அதைக் கேள்விப்பட்ட அன்று சந்திரகாந்தா, கடைக்குப் பின்னால் இருந்த வெற்று மண்ணெண்ணெய் டின்னை ஓங்கி உதைத்துக் கால் பெருவிரலில் இரத்தம் கட்டிக்கொண்டாள்.

விரல் ஆறும் வரைக்கும் பஸார் பக்கம் போகவில்லை. போனபோது பழைய வலைப்பூவைத் திறக்காமல் புதிதாக ஒன்று தொடங்கினாள். அதில் தோட்டம் இல்லை, மலை இல்லை, மாத்தளை இல்லை. எழுதியவள் பெயர் கேட்ட இடத்தில் 'ஒருத்தி' என்று போட்டாள். எத்தனை வருஷம் வேலைக்கு எழுதிப் போடுவாளோ, இந்த எழுத்தை மட்டும் எந்த விண்ணப்பத்திலும் காட்ட முடியாது. இருந்தும் எழுதினாள். ஏலக்காய் என்ற சொல்லே வராமல், 'வாசம் வெளியே போகாமல் பாயாசம் வைப்பது எப்படி' என்று தொடங்கி, கருவாட்டை எந்த நேரத்தில் நெருப்பில் போட வேண்டும், எந்தச் சட்டியை எந்தச் சட்டியால் மூட வேண்டும், வெளியே காலடிச் சத்தம் கேட்டால் யார் இரும வேண்டும் என்பதெல்லாம் சமையல் குறிப்பாகவே எழுதினாள். பாயாசத்தில் என்ன வாசம் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

எழுதி முடித்ததை மஸீனா மூச்சு விடாமல் வாசித்தாள். எங்கள் வாப்பா பயந்துவிடுவார், அவருக்குக் காட்டாதே என்று மட்டும் சொன்னாள்.

ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது ஒன்பது பேர் வந்து போயிருந்தார்கள். ஒரே ஒரு பின்னூட்டம். பெயரைப் பார்த்ததும் சந்திரகாந்தாவுக்குக் காது சூடாகியது. டொரொண்டோ, கத்தரிக்காய்.

'நல்ல முயற்சி சகோதரி. ஆனால் கருவாட்டு வாடை பாயாசத்துக்குப் பொருந்தாது. இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாருங்கள், வீடே மணக்கும்.'

மஸீனா வாயைப் பொத்திக்கொண்டு போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் போய்விட்டாள். சந்திரகாந்தா பதில் எழுதத் தொடங்கினாள். வாச்சரில் தொடங்கி, மடி உதறுவது, பேர் வெட்டு, சிவப்புப் பேனை என்று பொரிந்து தள்ளினாள். திரை நிறைந்தது. கடைசியில் நின்று ஒரு தடவை மேலிருந்து கீழாக வாசித்தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு வீட்டின் வாசல் தெரிந்தது. விரலை அழிக்கும் பொத்தானில் வைத்து, வெள்ளைத் திரை வரும் வரைக்கும் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு வரி தட்டி அனுப்பினாள்.

'நன்றி. எங்கள் பக்கம் அது போடுவதில்லை.'